ஏரிப்பட்டு காலனி ஸ்டாப்

சம்பத் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டினார். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே, வீட்டில் உட்கார்ந்தால் மனைவியோடு மல்லுக்கட்டத்தான் பொழுது சரியாக இருக்கும் என்று தெரிந்துபோய், ஆம்பூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் பஸ் ஓட்டச் சேர்ந்துவிட்டார். வயது அறுபத்திரண்டு. மூக்குக் கண்ணாடி வந்தாயிற்று. டிப்போவே பார்த்துப் பொறாமைப்பட்ட மீசை போயாயிற்று. பள்ளிக்கூடம் கொடுத்த வான நீலச் சட்டை, கழுத்தில் ஓர் அட்டை. அட்டையில் பேருக்குக் கீழே 'பிள்ளைகளின் பாதுகாவலர்' என்று அச்சடித்திருந்தார்கள். அதை மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும்.

இப்போதைய பள்ளிக்கூட பஸ் எப்படி என்று அவரைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பிள்ளை நிற்கும் இடத்துக்கே பஸ் போகவேண்டும். போய் ஒரு ஹாரன். பிள்ளை வராவிட்டால் இன்னொரு ஹாரன், அதுவும் செல்லமாக. ஒருவன் ஷூ லேஸ் கட்டாமல் ஓடி வருவான். பின்னாலேயே ஒரு கையில் தோசையோடு அவன் அம்மா வருவாள். அத்தனைக்கும் பஸ் நிற்கும். வண்டி எங்கே வருகிறது என்று பெற்றோரின் செல்போனில் ஒரு மஞ்சள் புள்ளி நகர்ந்து காட்டும். கையைப் பிடித்து ஏற்றி இறக்குவதற்கென்றே கெங்கம்மாள் என்று ஓர் அம்மாள் பஸ்ஸில் கூடவே வருவாள். பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் ஓடிய காலம் போய், பிள்ளைகளுக்காக பஸ் காத்துக் கிடக்கிற காலம் வந்துவிட்டது என்பார் சம்பத். ஓட வைத்தது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

மலையடிவாரத்திலிருந்து ஆம்பூர் வரும் டவுன் பஸ்ஸை அவர் பதினோரு வருஷம் ஓட்டினார். வழியில் ஏரிப்பட்டு. ஊர் ஒரு பக்கம், முக்கால் கிலோமீட்டர் தள்ளி காலனி. ஊர் ஸ்டாப்பில் பஸ் ஒழுங்காக நிற்கும். காலனி ஸ்டாப்பில் நிற்பது டிரைவரின் மனசைப் பொறுத்தது. அங்கே ஏறுகிறவர்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள், மிச்சம் இலவச பாஸ் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பாஸ் கும்பலுக்காக நின்று டைமிங்கை விடணுமா என்பது சம்பத் வெளியே சொன்ன காரணம். முன் சீட்டில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள், காலனிப் பிள்ளைகள் ஏறினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பது சொல்லாத காரணம். சம்பத்தும் ஊர்க்காரர்தான். வேறு ஊர், ஆனால் ஊரின் அந்தப் பக்கம்தான்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஸ்டாப்பைத் தாண்டி நூறு அடி போய் நிறுத்துவது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். முதலில் வந்து சேர்ந்த நாலு பேர் தொற்றிக்கொண்டதும் கிளட்சை விட்டுவிட வேண்டியது. ஓடத் தெரியாத பிள்ளை அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும். சில நாள் நிறுத்துவதே இல்லை. இது சம்பத் கண்டுபிடித்தது இல்லை. அந்த ரூட்டில் அவருக்கு முன்னால் ஓட்டியவர்களும் இப்படித்தான் ஓட்டினார்கள். எல்லோரும் செய்வதுதானே என்ற நினைப்பு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நல்ல தூக்கத்தைக் கொடுக்கும் என்பதற்கு அந்தப் பதினோரு வருஷத்துச் சம்பத்தே சாட்சி.

இரண்டாயிரத்து ஆறு, மார்ச் மாதம். பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. காலை எட்டேகால் டிரிப். மலையடிவாரத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறி, சீர்த் தட்டுகளையெல்லாம் ஏற்றியதில் பஸ் ஏழு நிமிஷம் லேட். காலனி ஸ்டாப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ரோட்டோரத்தில் வெள்ளைத் தாவணி போட்ட ஒரு பெண், பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையைக் காட்டினாள். முன் சீட்டிலிருந்து கல்யாணத்துப் பெரிய மனுஷர் ஒருவர், "காலனில நிக்காத டிரைவரே, முகூர்த்தம் போய்டும்" என்றார். சம்பத்துக்கு ஒரு விநாடி கால் பிரேக்குக்குப் போனது. பிறகு எடுத்துவிட்டார். இடது பக்கக் கண்ணாடியில் அந்தப் பெண் ஓடி வருவது தெரிந்தது. நூறு அடியில் நிற்கும் என்று நம்பித்தான் ஓடினாள். அன்றைக்கு நூறு அடியிலும் நிற்கவில்லை. கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்.

அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. அது அன்றைக்குப் பழுதாகி வரவே இல்லை. பத்து மணி வரை பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பால் வண்டியில் ஏறி அவள் பரீட்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. கெமிஸ்ட்ரி பரீட்சை.

இதெல்லாம் மறுநாள்தான் சம்பத்துக்குத் தெரிந்தது. எட்டேகால் டிரிப்பை ஏரிப்பட்டு காலனியில் எட்டுப் பேர் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா, காசி. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கால் இரண்டும் வெந்து வெளுத்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "இன்னா காரணத்துக்கு நிக்கலன்னு சொல்லிட்டுப் போ சார்" என்று மட்டும் கேட்டார். போலீஸ் வந்தது. எல்லோரையும் டிப்போவுக்கு அழைத்து விசாரித்தார்கள். அதிகாரி கேட்டபோது சம்பத் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார்: "ஸ்டாப்புல யாருமே நிக்கல சார். லேட்டா வந்துட்டு எம்மேல பழி போட்றாங்க."

கண்டக்டர் மஹபூப் பாஷாவைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார்" என்றார். பஸ்ஸை மறித்த குற்றத்துக்காகக் காசியைச் சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். பொய்ப் புகார் என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

வெளியே வந்ததும் பாஷா சொன்னார்: "சம்பத், அந்தப் பொண்ணு நின்னுச்சி. நான் பாத்தேன். உனக்கு பேஜார் ஆவக்கூடாதுன்னு சொன்னேன். இனிமே எங்கிட்ட இந்த மாதிரி கேக்காத." அடுத்த மாதமே வேறு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். சம்பத் போகவில்லை. அதற்கப்புறம் காலனி ஸ்டாப்பில் ஒழுங்காக நிறுத்தினார், அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பெண் அந்த ஸ்டாப்பில் திரும்ப நிற்கவே இல்லை.

அவள் பேர் சோபனா. புகார் காகிதத்தில் படித்த பேர். மறக்கவேண்டும் என்று அவர் முயற்சி பண்ணிய பேர்களில் அது ஒன்றுதான் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், பள்ளிக்கூடத்தில் பஸ் பொறுப்பைப் பார்க்கும் பரணிதரன் புது ரூட்டின் பட்டியலைக் கொடுத்தபோது ஏழாவது வரியில் அந்தப் பேர் இருந்தது. நிஷா, ஐந்தாம் வகுப்பு. தாய் சோபனா. ஏரிப்பட்டு காலனி. சம்பத் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மடித்தாலும் பேர் உள்ளேதான் இருந்தது.

முதல் நாள் பயந்துகொண்டேதான் போனார். காலனி ஸ்டாப்பில் ஒரு பெண், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ரோட்டோரத்தில் நிற்காமல், இரண்டு எட்டு உள்ளே, தாரின் மேலேயே நின்றாள். பஸ் நிற்கும் வரை முகத்தில் ஒன்றுமில்லை. நின்ற பிறகு சிரித்து, "வணக்கம்ணா" என்றாள். சம்பத்தும் வணக்கம் சொன்னார். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மீசையில்லை, முடியில்லை, நீலச் சட்டை; எப்படித் தெரியும்? அன்றைக்கு முழுவதும் சம்பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகச் சாயங்காலம் தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் மறுபடியும் பிழைத்தோம் என்றே நினைத்தார்.

பிறகு ஆரம்பித்தது பிராயச்சித்தம். மற்ற ஸ்டாப்பில் ஒரு நிமிஷம் என்றால் காலனியில் இரண்டு நிமிஷம். மழை நாளில் பஸ்ஸைக் குட்டைக்கு அந்தப் பக்கமாக, படி நேராகப் பிள்ளையின் காலடியில் வருகிற மாதிரி நிறுத்துவார். நிஷாவுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் சீட். அந்தப் பிள்ளை வாயாடி. வீட்டுக் கதையெல்லாம் பஸ்ஸில் கொட்டுவாள். அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் சம்பத்துக்கு சோறு இறங்காது. அவர் மனைவிகூட, "சொந்தப் பேத்திக்கு இந்தளவு பண்ணியிருக்கிறியா நீ?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

சோபனாவோ ஒரு நாள் தவறாமல் வந்து நின்றாள். காய்ச்சலோடும் வந்தாள். நிஷா ஆறாம் வகுப்புக்கு வந்து, அதே ஸ்டாப்பில் அதைவிடச் சின்னப் பிள்ளைகள் தனியாக நின்று ஏறியபோதும் வந்தாள். தாரின் மேலே இரண்டு எட்டு உள்ளே, பஸ் நின்றதும் சிரிப்பு, "வணக்கம்ணா". தன் பேரில் அவளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, அதனால்தான் நேரில் வந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று சம்பத் நினைத்துக்கொண்டார். அந்த வணக்கத்தை வாங்க அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, வேண்டியும் இருந்தது.

இந்த வருஷம் ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து பஸ் ஓடிய முதல் வாரம். சீட்டின் பின்னாலிருந்து நிஷா சொன்னாள்.

"டிரைவர் அங்கிள், எங்கம்மாவ சூப்பர்வைசர் ஆக்கறாங்க தெரியுமா? அம்மாதான் வேணாம்னுட்டாங்க."

"ஏம்மா வேணாம்னாங்க?"

"சூப்பர்வைசர்னா ஏழரைக்கே லைன்ல இருக்கணுமாம். ஏழு மணி கம்பெனி வேன்ல போவணும். நம்ம பஸ்ஸு ஏழரைக்குத்தான வருது. என்னை யாரு ஏத்தி உடறது? அதான். இந்த மாசக் கடசிக்குள்ள சொல்லணுமாம், இல்லன்னா வேற ஆன்ட்டிக்குக் குடுத்துடுவாங்க."

"அப்பா?"

"அப்பா ஓசூர்ல இல்ல இருக்காரு."

சம்பத்துக்கு ஒரு பக்கம் பகீரென்றது, இன்னொரு பக்கம் ஒரு சந்தோஷம் வந்தது. பதினெட்டு வருஷமாக அந்தப் பெண் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் லைனில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பரீட்சை எழுதியிருந்தால் எங்கே இருந்திருப்பாளோ, யார் கண்டது. இப்போது ஒரு படி ஏறச் சொல்கிறார்கள், ஏறவிடாமல் குறுக்கே நிற்பது ஒரு பஸ். அவர் ஓட்டுகிற பஸ். இதை நம்மால் சரி பண்ண முடியும், சாமி நமக்கென்றே கொடுத்த சந்தர்ப்பம் இது என்று மனசு துள்ளியது.

மறுநாள் ஸ்டாப்பில் ஜன்னல் வழியே சொன்னார். "ஏம்மா, நீ இதுக்குன்னு வந்து நிக்கணுமா? பாப்பா வளந்துட்டா. நான் பாத்து ஏத்திக்கிறேன். நீ வேலையப் பாரு."

"பரவால்லணா" என்று சிரித்தாள் சோபனா.

இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னார். கெங்கம்மாளும் சேர்ந்து, "நான் எறங்கி கையப் புடிச்சி ஏத்திக்கிறேன், உனக்கு இன்னாம்மா பயம்?" என்றாள். அதற்கும் அதே சிரிப்பு, அதே "பரவால்லணா". மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பத் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏரிப்பட்டு காலனிக்குப் போனார். அந்தக் காலனியைத் தாண்டி எத்தனை ஆயிரம் தடவை பஸ் ஓட்டியிருப்பார். உள்ளே கால் வைத்தது அன்றைக்குத்தான். தெருவைப் பார்த்தவுடன் அது உறைத்தது. உறைத்ததும் மொபெட்டைத் திருப்பிவிடலாமா என்று கூடத் தோன்றியது.

நிஷா பார்த்துவிட்டாள். "அம்மா, டிரைவர் அங்கிள்" என்று உள்ளே ஓடினாள். இரண்டு அறை கொண்ட மச்சு வீடு. சோபனா பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். நிஷாவைக் கடைக்கு அனுப்பிப் பால் வாங்கி வரச் சொல்லி டீ போட்டாள். டம்ளரைக் கையில் வாங்கியபோது, நான் இங்கே டீ குடிக்கிறேன் என்று சம்பத்துக்கு ஒரு நினைப்பு வந்தது. ஏதோ தான் பெரிய காரியம் செய்வது மாதிரி. அடுத்த நொடியே அந்த நினைப்பு அவரைச் செருப்பால் அடித்தது. சூட்டையும் பார்க்காமல் மடக் மடக்கென்று குடித்தார்.

நிஷா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனதும், "அந்த வேலைய உட்றாதம்மா" என்று ஆரம்பித்தார். "பாப்பாவப் பத்தி கவலப்படாத. எம்மேல நம்பிக்கையில்லையா?"

சோபனா பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். சுவரில் காசியின் படம் மாலையோடு இருந்தது. சம்பத் அப்போதுதான் அதைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் நடிக்க முடியவில்லை.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. ரெண்டு வருசமா சொல்ல வாய் வரல. உன் பரீட்ச அன்னைக்கு அந்த பஸ்ஸ ஓட்டினது நான்தான். நீ நின்ன. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். டிப்போல யாரும் நிக்கலன்னு பொய் சொன்னேன். உங்கப்பாவ ஸ்டேஷன்ல ஒக்கார வச்சது என் பொய்யிதான்."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதிர்ந்து போவாள், திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார். சோபனா காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"தெரியும்ணா."

"இன்னாம்மா?"

"மொத நாளே தெரியும். லெஃப்ட் சைடு கண்ணாடில உங்க கண்ணு தெரியும்ணா. உள்ள ஒக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது, பின்னாடி ஓடி வர்றவங்களுக்குத் தெரியும். ஆறாவதுலேந்து ஏழு வருசம் ஓடினேன். மீச எடுத்தா கண்ணு மாறிடுமா?"

சம்பத் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "தெரிஞ்சும் தினிக்கும் வந்து வணக்கம் சொன்னியே."

"நான் வணக்கம் சொல்றதுக்கு வரலணா." அவள் குரல் ஏறவே இல்லை, லைனில் புதுப் பெண்ணுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கும் குரலிலேயே பேசினாள். "நீங்க நிக்கிறீங்களான்னு பாக்கறதுக்கு வர்றேன். ஓரமா நின்னா நீங்க பாட்டுக்குப் போய்டுவீங்க. அதான் நடுவுல நிக்கறேன். நின்னுட்டீங்கன்னா, சிரிப்பு தானா வந்துடுது. அப்பாடான்னு. அதுக்குத்தான் சிரிக்கறேன்."

இரண்டு வருஷத்துச் சிரிப்பும் ஒவ்வொன்றாகச் சம்பத்துக்கு நினைவுக்கு வந்தது. அத்தனையையும் அவர் தன் கணக்கில் வாங்கி வைத்திருந்தார்.

"ஸ்கூல்ல சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா யாரு நம்புவாங்க? ஒரு தடவ சொல்லிப் பாத்தவருதான் இவரு" என்று படத்தைக் காட்டினாள். "ஸ்டேஷன்லேந்து வந்து, பரீட்ச போனா போவுது, எம் பொண்ணப் பொய் சொன்னவளாக்கிட்டாங்களேன்னு சொல்லிச் சொல்லியே மாஞ்சிட்டாரு. உட்ட பரீட்சைய மறுபடி எழுதுன்னாங்க. அவரு மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு பொஸ்தகத்தத் தொடப் புடிக்கல. லீவுக்குன்னு கம்பெனிக்குப் போனேன், அப்படியே நின்னுட்டேன். நீங்க இப்ப சொல்றீங்களே, இத அப்ப சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. எனக்கு இதால இன்னாணா?"

"நான் மாறிட்டேம்மா. அப்புறம் ஒரு நாள்கூட நிக்காம போனதில்ல. நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

"பாத்தேன். ரெண்டு வருசமா நல்லாத்தான் நிக்கறீங்க. மழைல பக்கத்துல கொண்டாந்து நிறுத்தறீங்க. எம் பொண்ணுக்கு உங்க மேல உசிரு. அதெல்லாம் எனக்குத் தெரியுது." சோபனா செல்போனைக் கையில் எடுத்தாள். "ஆனா வேன் ஏறி நான் போய்ட்டேன்னா, ஏழரைக்கு எனக்குக் கை ஓடாதுணா. போன்ல புள்ளி நகர்றது தெரியும். எம் பொண்ணு ஏறிச்சா, பின்னாடி ஓடிச்சான்னு அதுல தெரியாது. லைன்ல நாப்பது பேரப் பாக்கணும். கண்ணு உங்க பஸ்ஸுலயே இருந்தா எப்பிடிப் பாக்கறது?"

சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மன்னிக்க முடியாது என்றிருந்தாலும் சரிதான், காலில் விழுந்திருப்பார். இது அப்படியெல்லாம் இல்லை. இவர் நல்லவராகி இரண்டு வருஷம் ஆகியும், இவரைப் பார்த்தால் ஒரு தாய்க்குக் கை ஓடவில்லை. அவ்வளவுதான். பிறகு ஒரு கேள்வி கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"வேற டிரைவரா இருந்தா?"

சோபனா யோசித்தாள். அவரைப் புண்படுத்த வேண்டும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. நிஜமாகவே யோசித்தாள்.

"வேற யாருன்னாலும் நான் வர மாட்டேன்ணா. பாப்பா தனியா நின்னுக்கும்."

திங்கட்கிழமை காலையில் சம்பத் பரணிதரனிடம் போய் ரூட்டை மாற்றிக் கேட்டார். பரணிதரனுக்குப் புரியவில்லை. "அந்த ரூட்டுல உங்களப் பத்தி ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. பேரன்ட்ஸ் எல்லாம் உங்களத்தான் கேக்கறாங்க. இப்ப மாத்தணும்னா மாதனூர் பக்கம்தான் இருக்கு. பழைய வண்டி, காலைல அஞ்சேகாலுக்கே எடுக்கணும். இந்த வயசுல எதுக்குங்க?"

"குடுங்க சார்."

"காரணமாவது சொல்லுங்க."

"அந்த ரூட்டுல நான் ஒரு காலத்துல சரியா ஓட்டல சார்" என்றார் சம்பத். பரணிதரன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

மாதனூர் ரூட்டை ஓட்டிக்கொண்டிருந்த ஜீவா என்கிற இருபத்தாறு வயசுப் பையன் இந்த ரூட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சம்பத்துக்குக் கடைசி நாள். காலனி ஸ்டாப்பில் சோபனா தாரின் மேலே நின்றிருந்தாள். பஸ் நின்றது. நிஷா ஏறினாள். சம்பத் ஜன்னல் வழியே, "திங்கக்கெழமலேந்து ஜீவான்னு ஒரு தம்பி வருவாரும்மா. கம்பெனில சரின்னு சொல்லிடு" என்றார்.

சோபனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ வந்துபோனது. நன்றி என்று வைத்துக்கொள்ள அவருக்கு ஆசைதான். இந்தத் தடவை எதையும் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார்.

"சரிணா" என்றாள் அவள்.

நிஷாதான் வழியெல்லாம் அழுதாள். நான் என்ன பண்ணினேன், என்னை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டாள். நீ ஒன்றும் பண்ணவில்லை கண்ணு என்று சொல்ல அவருக்கு மூன்று ஸ்டாப் தேவைப்பட்டது. அந்தப் பிள்ளையின் ஏக்கத்தையும் சேர்த்துத்தான் இனிமேல் சுமக்கவேண்டும்.

திங்கட்கிழமை மாதனூர் பிள்ளைகளை இறக்கிவிட்டு, எட்டரை மணிக்கே வந்து பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தினார். அவருடைய பழைய பஸ் எட்டே முக்காலுக்கு உள்ளே நுழைந்தது. ஜீவா சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கி, கேட் பக்கத்து டீக்கடைக்கு வந்தான். சம்பத் அவனுக்கும் ஒரு டீ சொன்னார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏரிப்பட்டு காலனில?"

"ஒரு பொண்ணு நின்னுச்சிணா. ஏத்திக்கினு வந்தேன்."

"அவங்கம்மா?"

"அம்மால்லாம் யாரும் இல்ல. பொண்ணு மட்டும்தான். ஓரமா நின்னு பொஸ்தகம் படிச்சிக்கினு இருந்துச்சி. பஸ்ஸு வந்ததயே பாக்கல, ஹாரன் அடிச்சித்தான் கூப்புட்டேன்."

சம்பத் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஸ்டாப்புலயே நின்னியா? தாண்டிப் போய்டலியே?"

ஜீவா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பெரியவருக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை.

"இன்னாணா கேக்கறீங்க. பசங்க நிக்கிற எடத்துல பஸ்ஸு நிக்காம, பின்ன எங்க நிக்கும்?"

அந்தக் கேள்விக்குச் சம்பத்துக்குப் பதில் தெரியும். டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, தன் பஸ்ஸைக் கழுவப் போனார்.